புள்ளி தெரிகிறதா, பாருங்கள்!

ஈரோட்டை நீங்கள் எப்படியும் ரயிலிலிருந்து பார்த்திருப்பீர்கள். கோயமுத்தூருக்கோ கேரளத்துக்கோ போகிற வண்டி ராத்திரி வேளையில் இங்கே நின்று சற்று மூச்சு வாங்கும். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு காபி வாங்கிக் குடித்துவிட்டு, "ஈரோடு வந்துவிட்டது" என்று பக்கத்திலிருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மறுபடியும் படுத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் இத்தனை வருஷமாக அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். சென்ற ஆடி மாதம்தான் சென்னையில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி, அந்த வண்டிக்குக் கடைசி ஸ்டேஷனான ஈரோட்டிலேயே மூட்டை முடிச்சுடன் இறங்கினேன்.

போன காரியம் கொடுமணல் என்ற பழைய ஊரைப் பார்ப்பது. ஆனால் அந்த ஐந்தாறு நாட்களில் என் மனத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு ஜோடி வைரத் தோடு. அதையும் முதலில் நேரில் பார்க்கவில்லை, செல்போனில்தான் பார்த்தேன். விஷயத்தை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

ஈரோட்டில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு யார் வந்தாலும், கணித மேதை ராமானுஜன் 1887ல் பிறந்த ஊர் இது, பெரியார் வாழ்ந்த வீடு அதோ அங்கே என்று இரண்டையும் சொல்லி முடிக்காமல் காபி கொடுக்கமாட்டார். அந்தச் சடங்கு முடிந்ததும் என்னை மஞ்சள் மண்டிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

மஞ்சள் மண்டியை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். வாசலை நெருங்குவதற்கு முன்பே மூக்கு வழி காட்டிவிடும். உள்ளே மூட்டை மூட்டையாக விரலி மஞ்சளும் கிழங்கு மஞ்சளும் இருந்தாலும், வியாபாரம் என்னவோ மூட்டையைப் பார்த்து நடப்பதில்லை. ஒவ்வொரு விவசாயியின் சரக்கிலிருந்தும் கொஞ்சம் எடுத்து மாதிரிக்கு வைத்திருப்பார்கள். வியாபாரி வருகிறார். ஒரு விரலியை எடுக்கிறார். மேலே ஒரு பார்வைதான். 'டக்'கென்று ஒடிக்கிறார். அந்தச் சத்தத்தைக் காதால் கேட்கிறார். ஒடிந்த இடத்தின் நிறத்தைக் கண்ணால் பார்க்கிறார். மூக்கருகே கொண்டு போகிறார். பிறகுதான் விலை.

"மேலே பாலீஷ் போட்டா எல்லா மஞ்சளும் கல்யாணப் பொண்ணுதானுங்க. உள்ளே பாக்கோணுமுங்க" என்றார் ஒருவர், என் முகத்தில் இருந்த ஆச்சரியத்தைக் கண்டு. ஈரோடு மஞ்சளுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்தும், அந்தச் சான்றிதழைப் பார்த்து யாரும் ஒடிக்காமல் வாங்கிவிடவில்லை!

சாயங்காலம் சிநேகிதர் கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையைப் பற்றிச் சொன்னார். இங்கே மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் வயது முடிவு செய்வார்கள். விலை பேசும்போது துண்டுக்கு அடியில் இரண்டு கைகள் சந்திக்கும், விரல்கள் பேசும், பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. இதைக் கேட்டதும் எனக்கு ஒரு பழைய ஞாபகம் வந்தது. 17ம் நூற்றாண்டில் கோல்கொண்டா வைரச் சுரங்கங்களுக்கு வந்த தவெர்னியே என்ற பிரெஞ்சு ரத்தின வியாபாரி, அங்கே வியாபாரிகள் எதிரெதிரே உட்கார்ந்து, துணிக்கு அடியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, வாய் திறவாமலே விரல்களால் வைரத்துக்கு விலை பேசியதை எழுதி வைத்திருக்கிறார். மாட்டுக்கும் வைரத்துக்கும் பேரம் ஒரே மாதிரி! ஆனால் மாட்டுக்குப் பல் உண்டு. மஞ்சளை ஒடிக்கலாம். வைரத்தை என்ன செய்வது?

இந்தக் கேள்வி அன்று சும்மா தோன்றியதுதான். மறுநாளே அது என் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சிநேகிதரின் அக்கா சென்னிமலையில் இருக்கிறார். கொடுமணலுக்கு அங்கிருந்து போவதுதான் சௌகரியம் என்று, ஈரோட்டிலிருந்து வெள்ளோடு வழியாகப் பஸ் ஏறினோம். வெள்ளோட்டில் பறவைகள் சரணாலயம் ஒன்று இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் வந்தால் பார்க்க வேண்டிய இடம். சென்னிமலையில் இறங்கினால் மேலே முருகன் கோயில், கீழே தறிச் சத்தம். கந்த சஷ்டி கவசம் அரங்கேறியது இந்த மலையில்தான் என்பது ஊரார் வழக்கு. சென்னிமலைப் போர்வை உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தாலும் இருக்கும்.

அக்காவுக்கு அறுபது வயதிருக்கும். கணவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. அவர் வைத்துவிட்டுப் போன தறிகளில் இரண்டு இன்னும் ஓடுகின்றன. மகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. மகள் கோயமுத்தூரில் நர்சிங் படிக்கிறாள். இது இரண்டாவது வருஷம். எங்களுக்கு அரிசிம்பருப்பு சாதமும் நெய்யும் போட்டு, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க, தம்பி" என்று உபசரித்துக்கொண்டிருந்த அக்காவின் காதில் தோடு இல்லை. தோட்டுத் துளையில் ஒரு வேப்பங்குச்சி செருகியிருந்தது. சிநேகிதர் அதைப் பார்த்தார். பார்க்காதது போல் சாப்பிட்டார்.

சாப்பாடு முடிந்ததும் மகன் செல்போனைக் கொண்டுவந்து நீட்டினான். "மாமா, இது எப்படி இருக்குதுன்னு பாருங்க."

ஏழு கல் தோடு! நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. திரை முழுவதும் நட்சத்திரம் வாரி இறைத்த மாதிரி ஜொலித்தது. "பேஷ்!" என்றேன், என்னை மறந்து.

அது அக்காவின் மாமியார் போட்டிருந்த தோடு. அசல் புளூ ஜாகர் என்று அந்தக் குடும்பத்தில் பெருமையாகச் சொல்வார்களாம். உங்கள் பாட்டியும் இந்தப் பெயரைச் சொல்லியிருப்பார். தென்னாப்பிரிக்காவில் யாகர்ஸ்ஃபோன்டைன் என்று ஒரு சுரங்கம் இருந்தது; அங்கே கிடைத்த கற்களில் சிலவற்றுக்கு வெயிலில் இளநீல ஒளி வீசும் குணம் உண்டு. அந்தச் சுரங்கத்தின் பெயர்தான் நம் ஊர்க் கல்யாண வீடுகளில் ஜாகர் ஆயிற்று. புளூ ஜாகர் என்று சொல்லி விற்ற கல்லெல்லாம் அங்கிருந்தே வந்ததா என்று மட்டும் பாட்டியிடம் கேட்டுவிடாதீர்கள்!

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தோட்டை விற்கப் போகிறார்கள். இரண்டு கடைகளில் கேட்டதில், 'பழைய பட்டை, இந்தக் காலத்தில் எடுபடாது' என்று சொல்லி மிகவும் குறைத்துக் கேட்டார்கள். எனவே மகன், இப்போது எல்லாரும் செய்கிறபடி, படம் எடுத்துச் செல்போன் மூலமாக நேரே வாங்குகிறவருக்கே விற்றுவிடலாம் என்று தீர்மானித்துவிட்டான். பையன் கெட்டிக்காரன். எப்படிப் படம் எடுத்தான் என்பதை எனக்கு ஒளிக்காமல் சொன்னான்.

கறுப்பு வெல்வெட் துணி. மேலே நாலைந்து சின்ன எல்இடி விளக்குகள். கல் மின்ன வேண்டுமானால் வெளிச்சம் ஊசி ஊசியாக வந்து விழவேண்டும். அதனால்தான் நகைக் கடைக் கூரையில் அத்தனை விளக்குகள் பொருத்தியிருக்கிறார்கள். பிறகு, லேசான மஞ்சள் சாயல் இருந்தால் காமிராவே அதைத் 'திருத்தி' வெள்ளையாக்கிவிடுகிறது. நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அளவோ, கேட்கவே வேண்டாம். நாலு மில்லிமீட்டர் கல், ஏழு சென்டிமீட்டர் அகலத் திரையை அடைத்துக்கொண்டு நின்றால், பதினேழு மடங்குக்குமேல் பெருத்துவிட்டது என்று அர்த்தம். பட்டாணி நெல்லிக்காயாகிறது! கடைசியாக, நாற்பது படம் எடுத்து, முப்பத்தொன்பதைக் கழித்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்வது. அந்த ஒரு கணம் கல் அப்படித்தான் இருந்தது என்பது வாஸ்தவம். மற்ற முப்பத்தொன்பது கணங்களும் வாஸ்தவந்தான்.

அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"நடுக் கல்லுல புள்ளி எங்கே, கண்ணு?"

"தெரியாதுங்கம்மா. கொஞ்சம் சாச்சு எடுத்தேன். பளபளப்புல மறைஞ்சு போச்சு."

வலது தோட்டின் நடுக் கல்லில் கடுகில் பாதி அளவு ஒரு கரும்புள்ளி உண்டாம். கல் மண்ணுக்குள் உருவானபோதே உண்டானது. மாமியார் அதை 'திருஷ்டிப் பொட்டு' என்று சொல்வாராம்.

"வாங்கறவங்க கேட்டா?" என்றார் அக்கா.

"கேட்டா சொல்லிக்கலாமுங்க. கேக்காம நாமளா எதுக்குச் சொல்றது? பொய் சொல்லலியே. படத்துல இருக்கறது நம்ம தோடுதானுங்களே!"

எனக்கு அவன் பேச்சில் தப்புக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. நீங்கள் அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? கட்டணம் கட்டக் கடைசித் தேதிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. அக்கா எழுந்து தறிக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் காலையில் கொடுமணல் போனேன். சென்னிமலையிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். நொய்யல் ஆற்றின் வடகரை. கோபுரம், கோட்டை, கொத்தளம் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். வெயிலில் காய்கிற காடு மேடு, ஆங்காங்கே வட்டமாகப் புதைந்து கிடக்கும் கற்கள், மண்ணில் சிதறிய பானை ஓடுகள். அவ்வளவுதான். காலை அழுத்தி வைக்க மனம் வராது. கீழே இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்து ஊர் ஒன்று படுத்துக்கிடக்கிறது.

பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் பாடிய கொடுமணம் இந்த ஊர்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். 1961ல் மத்திய தொல்லியல் துறையினர் இங்கே முதலில் சோதனையாகத் தோண்டிப் பார்த்தார்கள். பிறகு 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் சுப்பராயலு, ராஜன் முதலிய அறிஞர்களைக் கொண்டு விரிவாகத் தோண்டினார்கள். இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. தமிழ் எழுத்தில் பெயர் கீறிய நூற்றுக்கணக்கான பானை ஓடுகள் கிடைத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக மணிகள் கிடைத்தன. பளிங்கு, செவ்வந்திக்கல், நீலக்கல், பெரில் என்ற பச்சைக்கல், சூதுபவளம்... ஒரே ஒரு ஈமக் குழியில் மட்டும் சூதுபவள மணிகள் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தன. விசேஷம் என்னவென்றால், முழுசாக முடிந்த மணிகள் மட்டுமல்ல. பட்டை தீட்டாதது, பாதி தீட்டியது, துளை போட ஆரம்பித்து உடைந்து போனது, கழித்துப் போட்ட சில்லு, இப்படி எல்லா நிலையிலும் கிடைத்திருக்கின்றன. அதாவது, ரத்தினங்களை அணிந்துகொண்டிருந்த ஊர் என்பதைவிட, ரத்தினங்களைச் செய்து விற்ற ஊர் என்று சொல்வதே பொருத்தம்.

கல்லுக்கு இவர்கள் வெகு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. காங்கேயத்திலிருந்து கரூர் வரை பூமிக்குள் ரத்தினக் கற்கள் இருக்கின்றன. திருப்பூரிலிருந்து காங்கேயம் போகிற வழியில் படியூர் என்று ஊர் வருமே, அங்கே கடல் நிறத்துப் பெரில் கல் கிடைத்தது. 1819ம் ஆண்டு வாக்கில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் அங்கே சுரங்கம் வைத்துத் தோண்டினார். பரங்கிப்பேட்டையில் பிற்பாடு இரும்பு ஆலை வைத்தாரே, அதே ஹீத்தான். அவருக்குப் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தக் கல்லுக்கு ரோமாபுரியில் ஏக கிராக்கி. கொங்கு நாட்டு மண்ணில் பானை பானையாக ரோமானிய நாணயங்கள் அகப்பட்டதற்கு இந்தக் கல்லும் ஒரு காரணம். பெரில் என்ற பெயர்கூட நம் நாட்டுப் பிராகிருதச் சொல்லிலிருந்து போனதுதான். தெளிந்த பெரிலைக் கொண்டு பூதக்கண்ணாடி செய்ததால், ஜெர்மன் பாஷையில் இன்றைக்கும் மூக்குக் கண்ணாடிக்குப் 'பிரில்லே' என்று பெயர். நகைக் கடைக்காரர் வாயில் புகுந்து புறப்படுகிற 'பிரில்லியண்ட்' என்ற வார்த்தையும் இந்த வம்சந்தான் என்று பலர் கருதுகிறார்கள். ஆக, அக்கா புள்ளியைத் தேடுவதற்கு மாட்டிக்கொண்ட மூக்குக் கண்ணாடிக்கும் இந்தக் காட்டு மேட்டுக்கும் ஏதோ ஒட்டுறவு இருக்கிறது!

ஆனால் பெருமையை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் நான் அந்தப் பையன் எடுத்த படம் மாதிரி ஆகிவிடுவேன். புள்ளியையும் சொல்லிவிடுகிறேன்.

கி.பி. 77 வாக்கில் ரோமாபுரியில் பிளினி என்ற பெரியவர் உலகத்திலுள்ள சகல விஷயங்களையும் பற்றி முப்பத்தேழு பாகம் எழுதி முடித்தார். கடைசிப் பாகம் ரத்தினங்களைப் பற்றியது. இந்தியர்களுக்கு நீண்ட பெரில் கல்லின் மேல் அலாதிப் பிரியம், அதைத் துளைத்து யானை மயிரில் கோத்துப் போட்டுக்கொள்கிறார்கள் என்று அதில் எழுதுகிறார். கூடவே இன்னொன்றும் எழுதுகிறார்: இந்தியர்கள் பளிங்குக்குச் சாயம் ஏற்றிப் போலி ரத்தினம் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டார்கள், முக்கியமாகப் போலிப் பெரில்! இந்த ஏமாற்றைப் போல் லாபம் தருகிற ஏமாற்று உலகத்தில் வேறில்லை என்றும் ஒரு பெருமூச்சு விடுகிறார். பாவம், எத்தனை காசு போயிற்றோ! கொடுமணலில் பளிங்கும் கிடைத்திருக்கிறது, பெரிலும் கிடைத்திருக்கிறது. அந்தச் சாயக்காரர் இந்த ஊர்தான் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. இல்லவே இல்லை என்று சத்தியம் செய்யவும் மனம் துணியவில்லை.

சாயம் என்றதும் நொய்யலைப் பற்றி ஒரு வார்த்தை. கொடுமணலுக்கு அருகிலேயே ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. 1992ல் விவசாயத்துக்காகக் கட்டிய அந்த அணையில் தண்ணீருக்குப் பதில் திருப்பூர்ச் சாயக் கழிவு வந்து தேங்கி, கீழே இருந்த வயல்களைக் கெடுத்தது. வழக்கு நடந்து, 2011ல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடும்படி உத்தரவிடும் அளவுக்குப் போயிற்று. அதைத் தனியாக எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

பிளினியின் புத்தகத்தில் ரத்தினம் வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை இருக்கிறது. கல்லைக் காலை வேளையில் பாருங்கள். பொழுது ஏறிய பிறகு பார்க்காதீர்கள் என்கிறார். சாயங்காலம் திரும்பி வந்தால், சென்னிமலையில் அதே வார்த்தையை ஒரு பத்தர் சொல்லிக்கொண்டிருந்தார்! அக்கா அவரை வரவழைத்திருந்தார். எழுபத்தைந்து வயது, வேஷ்டி மடிப்பில் ஒரு பத்து மடங்கு லென்ஸ்.

"கல்லை ராத்திரியில பாத்தும் வாங்கக் கூடாது, வித்தும் குடுக்கக் கூடாதுங்க. நாளைக்கு விடியட்டும்" என்று சொல்லிப் போய்விட்டார்.

விடிந்ததும் வந்தார். திண்ணையில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில், ஒரு வெள்ளைக் காகிதத்தை மடித்து வைத்தார். தோட்டைச் சோப்புத் தண்ணீரில் மெல்லக் கழுவித் துடைத்தார். எண்ணெய்ப் பசை ஏறிய கல் சாம்பல் பூத்தாற்போல் தெரியும்; அப்படியே படம் பிடித்தால் அது கல்லுக்குச் செய்கிற அநியாயம் என்றார். வாயால் ஊதினார், கல்லில் படிந்த ஆவி கண் மூடித் திறப்பதற்குள் மறைந்தது. அப்புறம் தோட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"முன்னாடி பாத்தா கல்லு நம்ம கண்ணைக் கட்டிப் போடும். பின்னாடியும் பக்கவாட்டுலயும் பாத்தாத்தான் நெறம் தெரியும்" என்றார். பெரிய பரிசோதனைக் கூடங்களிலும் இதையேதான் செய்கிறார்கள். தனிக் கல்லை வெள்ளைப் பின்னணியில் குப்புற வைத்து, தரம் தெரிந்த கற்களை வரிசையாகப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் நிறத்தைச் சொல்கிறார்கள். அதனால்தான் படத்தைப் பார்த்து வைரத்தின் நிறத்தைச் சொல்ல எவராலும் முடியாது. முடியும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் பர்சைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

பத்தர் சொல்லச் சொல்ல, பையன் படம் எடுத்தான். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து ஒன்று. கவிழ்த்து ஒன்று. வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று. தோட்டை மெல்லச் சுற்றிக்கொண்டே ஒரு வீடியோ; சுற்றும்போது புள்ளி ஒளிந்துகொள்ள முடியாது. கடைசியில் லென்ஸைச் செல்போன் காமிராவின் மேல் வைத்து, நடுக் கல்லின் புள்ளியை மட்டும் தனியாக ஒன்று. பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கசப்பு மருந்து குடிக்கிறவன் மாதிரி பொத்தானை அழுத்தினான்.

"இது நம்ம ஊருக்குப் புதுசில்லீங்க, தம்பி" என்றார் பத்தர். "சிலப்பதிகாரத்துலயே மதுரை ரத்தினக் கடைத் தெருவுல வைரத்துக்கு என்னென்ன குத்தம்னு சொல்லி வெச்சிருக்குது."

வாஸ்தவம். ஏகை, விந்து, களங்கம், காகபாதம் என்று நாலு குற்றங்களை இளங்கோவடிகள் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். கோடு, பொட்டு, கறை, காக்கைக் கால் மாதிரி கீறல். இன்றைக்குச் சான்றிதழில் படம் வரைந்து குறிக்கிறார்களே, அந்தச் சங்கதிதான். அந்தக் கதையே ஒரு நகையை விற்கப் போன கதை அல்லவா? ஒரு பொற்கொல்லன் சொன்ன பொய்யை நம்பி ஓர் உயிர் போயிற்று. சிலம்பை உடைத்துக் காட்டிய பிறகுதான் உள்ளே இருந்தது முத்தல்ல, மாணிக்கம் என்று அரசனுக்குத் தெரிந்தது. மஞ்சள் மண்டிக்காரர் கண்ணகிக்குக் கைகொடுத்திருப்பார்.

பத்தர் இன்னொன்றும் சொன்னார். முன்பெல்லாம் போலி என்றால் அமெரிக்கன் டைமண்ட். ஊதிப் பார்த்தே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். இப்போது ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வந்துவிட்டது. அது போலி அல்ல, வைரமேதான்; 1954ல் அமெரிக்காவில் ஆரம்பித்த வித்தை, இன்று சூரத்தில் அமோகமாக நடக்கிறது. சுரங்கக் கல்லைவிட விலை மிகவும் குறைவு. வளர்த்தது என்று சொல்லி விற்றால் தப்பே இல்லை. சொல்லாமல் விற்றால் பத்தரின் லென்ஸாலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கென்று இயந்திரம் வேண்டும். "எங்கப்பன் காலத்துல கண்ணு போதுமுங்க. இப்ப எனக்கே என் கண்ணு மேல நம்பிக்கை இல்லே" என்றார் கிழவர்.

உங்களுக்கும் செல்போனில் நகை வாங்கும் உத்தேசம் இருக்கலாம். ஹால்மார்க் முத்திரையும் ஆறு எழுத்து எண்ணும் தங்கத்துக்குத்தான் சாட்சி சொல்லும். கல்லைப் பற்றி அவை வாய் திறக்கா. தனிக் கல்லாக வாங்கினால், சான்றிதழ் எண்ணைக் கல்லின் விளிம்பிலேயே லேசர் கொண்டு பொறித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். படத்தில் இருப்பது எனக்கு வரப்போகிற அதே கல்தானா, அல்லது இனத்துக்கு ஒன்றாக வைத்திருக்கும் மாதிரிப் படமா என்று எழுத்தில் கேளுங்கள். மாதிரி வைத்து விற்பது மஞ்சளுக்குச் சரி. அந்த மாதிரி அதே மூட்டையிலிருந்து வந்தது. 2020ல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த மின்வணிக விதிகள், படமும் வர்ணனையும் பொருளோடு ஒத்திருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்கின்றன. ஒத்திராவிட்டால் திருப்பி வாங்கிக்கொள்ள மறுக்கக் கூடாது. ஆனால் அந்த விதிகள் தொழிலாக வியாபாரம் செய்கிறவர்களுக்கு. அக்காவைப் போல் ஆயுளில் ஒரு தடவை ஒரு தோட்டை விற்கிறவரை அவை கட்டுப்படுத்தா. அக்காவைக் கட்டுப்படுத்த அந்தத் திண்ணையில் எதுவும் இருக்கவில்லை.

படங்களுக்குக் கீழே பையன் எழுதினான். அக்கா சொன்னார்: "புள்ளி உண்டுங்கறதை மொத வரியில எழுது, கண்ணு. கடைசியில எழுதினா யாரு படிக்கறாங்க?"

இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. பையன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். ஏதோ நான்தான் கற்றுக்கொடுத்த மாதிரி! மூன்றாம் நாள் ஒருவர் கூப்பிட்டு, புள்ளியைக் காரணம் காட்டிக் கடை விலைக்கும் கீழே கேட்டார். பையன் செல்போனை வைத்துவிட்டு அம்மாவை ஒரு பார்வை பார்த்தான். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. கண்ணில் தண்ணீர் வெங்காயத்தால் வந்ததாகவே வைத்துக்கொள்வோம். கட்டணத்துக்கு இன்னும் ஐந்து நாள்.

நான் ஊருக்குப் புறப்பட வேண்டிய அன்று, காலை பத்து மணி பஸ்ஸில் கோயமுத்தூரிலிருந்து ஓர் அம்மாள் வந்து இறங்கினார். கூடவே தமக்குத் தெரிந்த ஒரு பத்தரையும் கூட்டி வந்திருந்தார். மகளுக்குப் பழைய பட்டையில்தான் தோடு வேண்டுமாம். அதே திண்ணை, அதே வெள்ளைக் காகிதம். அந்த அம்மாள் லென்ஸை வாங்கி, வேறு எதையும் பார்க்காமல் வலது தோட்டின் நடுக் கல்லைப் பார்த்தார்.

"சொன்ன இடத்துலயே இருக்குதுங்க" என்றார். பிறகு லென்ஸைத் தம் பத்தரிடம் கொடுத்துவிட்டு, அக்காவிடம் மோர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

விலை முடிந்தது. துண்டும் போடவில்லை, விரலும் பிடிக்கவில்லை, வாய்விட்டே பேசினார்கள். கடைக்காரர்கள் கேட்டதைவிட நன்றாகவே கூடுதல். பையன் மனத்தில் போட்டு வைத்திருந்த கணக்குக்கு நிச்சயமாகக் குறைவு. கல்லூரிக் கட்டணம் சரியாகப் போயிற்று. விடுதிக் கட்டணத்துக்கு இன்னும் கொஞ்சம் துண்டு விழுகிறது. புள்ளி இல்லாத படத்தைப் போட்டிருந்தால் அதுவும் சேர்ந்து கிடைத்திருக்குமோ, என்னவோ. பையன் அப்படித்தான் இன்றைக்கும் நினைக்கிறான். அவனை நான் குறை சொல்லமாட்டேன்.

பஸ் ஸ்டாண்டு வரை என்னை வழியனுப்ப வந்தான். செல்போனில் யாரோ தோட்டைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். 'வித்துப்போச்சுங்க' என்று பதில் அனுப்பினான்.

"ஆமாம், முதலில் எடுத்தாயே, வெல்வெட் துணியில் ஒரு படம், அதை என்ன செய்தாய்?" என்று கேட்டேன்.

"வெச்சிருக்கேனுங்க. அழிக்கலாம்னு போனேன், அம்மா விடலே." அவன் முதல் தடவையாகச் சிரித்தான். "ஆத்தா காதுல அது அப்படித்தான் மின்னும்னு சொல்லி, தன்னோட போன்ல போட்டு வெச்சுக்கிச்சுங்க."